மோரிஸ் மைனர் முன் சீட்டுகளைக் கழற்றுவது: ஸ்பேனர் அளவு, சுழலும் நட்டு, அடித்தகடு

வளவுக்கார்:

வணக்கம். காரைக்குடியில் பல வருஷமாக ஷெட்டில் நிற்கும் மோரிஸ் மைனர், இரண்டு கதவு, 948 சிசி. முன் சீட் இரண்டையும் வெளியே எடுக்க வேண்டும். ரெக்ஸின் கிழிந்து தேங்காய் நார் கொட்டுகிறது. அதைவிடக் கவலை, டிரைவர் பக்கம் மிதியடிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் தகடு அமுங்குகிறது.

சீட் முழுசாக முன்னால் மடங்கும் வகை. ஒவ்வொரு சீட்டுக்கும் முன்பக்கம் இரண்டு கீல் பிராக்கெட், பிராக்கெட்டுக்கு இரண்டு போல்ட், ஆக மொத்தம் எட்டு. ஐந்தில் 13 நம்பர் ஸ்பேனர் லேசாக ஆடிக்கொண்டு உட்காருகிறது, இரண்டில் கச்சிதமாக உட்காருகிறது. மிச்சம் ஒன்றின் தலை முன்பே உருண்டு போயிருக்கிறது.

எந்த ஸ்பேனர் சரி? கேஸ் வைத்துச் சூடாக்கலாமா? எந்த வரிசையில் போவது?

அரையிஞ்சு ஸ்பேனர்:

முதல் வேலை, அந்த 13 நம்பரைத் தனியாக எடுத்து வையுங்கள். 948 சிசி காலத்து மைனரில் சீட் போல்ட் 5/16 யு.என்.எஃப், அதாவது 5/16 இஞ்சு விட்டமும் நெருக்கமான மரையும் உள்ள இஞ்சு வகை. அதன் தலைக்கு அரை இஞ்சு ஏ.எஃப் (தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அளவு) ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ. 13 நம்பர் 0.3 மி.மீ பெரிசு. புது போல்ட்டில் அது தெரியாது. துரு தின்ற தலையில் அந்த இடைவெளி போதும், மூலை உருண்டுவிடும். உங்கள் எட்டாவது போல்ட் இப்படித்தான் போயிருக்கும்.

13 கச்சிதமாக உட்காரும் அந்த இரண்டும் யாரோ பின்னால் போட்ட எம்8 (8 மி.மீ மெட்ரிக்) போல்ட்டாக இருக்கலாம். இது பெரிய தொல்லை. 5/16 என்பது 7.94 மி.மீ, எம்8 என்பது 8 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் முதல் இரண்டு மரை கையாலேயே ஏறும். ஆனால் யு.என்.எஃப் இஞ்சுக்கு 24 மரை, ஒரு மரைக்கு 1.06 மி.மீ. எம்8 ஒரு மரைக்கு 1.25. அதற்கு மேல் ஸ்பேனரால் இறுக்கினால் நட்டுக்குள் இருக்கும் மரையை அது அறுத்துக்கொண்டே போகும். அந்த இரண்டையும் கழற்றும்போது நட்டின் மரையும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள்.

ஆரம்பகால மைனர் வைத்திருப்பவர்களுக்கு: அதில் பி.எஸ்.எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் மரையும் வரலாம். இஞ்சுக்கு 22 மரை, மரைக் கோணம் 55 டிகிரி. யு.என்.எஃப்-க்கு 60. ஒரு மரை கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த தலைக்கு ஆகாது. ஏ.எஃப் செட் புதிதாக வாங்கத் தேவையில்லை, காரைக்குடி பழஞ்சாமான் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பழைய இங்கிலாந்து ஸ்பேனர்கள் கிடைக்கும். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் இந்த வண்டியின் உடம்பில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

செம்மண் டிங்கர்:

அண்ணே, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் போங்க. வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது, நாலு பக்கமும் ஸ்டாண்டு போட்ட பிறகுதான். மேலே போல்ட் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே பாருங்க. தனி நட்டு தெரிந்தால் ஒருவர் அடியிலிருந்து பிடித்துக்கொள்ள, வேலை சுலபம். ஒன்றும் தெரியாமல் பெட்டி மாதிரி அடைபட்டிருந்தால் நட்டு உள்ளே வெல்டு ஆகியிருக்கிறது. அது சுழல ஆரம்பித்தால்தான் தலைவலி. முக்கால்வாசிப் பேர் கஷ்டப்படுவது அந்த இடத்தில்தான்.

போல்ட்டின் நுனி அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கணும். அழுக்கு மரையோடு மேலே இழுத்தால் அதுவே நட்டுக்குள் சிக்கி இறுகும். நம்ம ஊர்ச் செம்மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து அங்கே கல்லு மாதிரி இருக்கும்.

அப்புறம் துரு இளக்கும் எண்ணெய். சாதா லூப்ரிகன்ட் ஸ்பிரே போதாது, பெனட்ரேட்டிங் ஆயில் என்றே கேட்டு வாங்குங்க. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் ஊற்றிய பிறகு போல்ட் தலையில் ஒரு இரும்புத் துண்டு வைத்துச் சுத்தியலால் நேராக நாலு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

கழற்றும்போது முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. டிக் என்று சத்தம் கேட்டால் துருப்பிடி விட்டது. பிறகு கால் சுற்று தளர்த்து, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு. ஒரேயடியாக நீளமான பைப் போட்டு இழுத்தால் போல்ட் முறியும், இல்லையென்றால் நட்டின் வெல்டு விடும்.

கேஸ் வேண்டாம். தரையில் ஒட்டியிருப்பது தார் அட்டை. சீட்டுக்குள் நாரும் சணலும். பற்றிக்கொண்டால் அணைக்க நேரம் இருக்காது.

லேத் பட்டறை:

செம்மண் டிங்கர் சொன்ன மற்ற எல்லாமே சரி. சூட்டை முழுசாக ஒதுக்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. துரு எண்ணெய்க்கு விடாத போல்ட் சூட்டுக்கு விடும், நட்டு விரியும்போது துருப் படலம் உடைகிறது. திறந்த சுடர் மட்டுமே ஆபத்து. இன்டக்ஷன் ஹீட்டர் காயில் போல்ட் தலையைச் சுற்றி மட்டும் இருபது முப்பது வினாடி வேலை செய்யும், சுடர் கிடையாது. ஆனாலும் அதற்கு முன் அந்த இடத்தில் தார் அட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும், பெனட்ரேட்டிங் ஆயிலைத் துடைத்துவிட வேண்டும், ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் சூடு வைக்கவே கூடாது.

இந்த வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. மிதியடியைத் தூக்கினால் அதற்கான மூடி தெரியும். அந்தப் பக்கம் சூடும் வேண்டாம், நிதானமில்லாத டிரில்லும் வேண்டாம்.

செம்மண் டிங்கர்:

இன்டக்ஷன் என்றால் சரி, ஒத்துக்கிறேன். நான் பயப்படுவது கேஸ் டார்ச்சுக்குத்தான்.

சரளைமண்:

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய மைனரில் தொழிற்சாலை வயரிங் பாசிட்டிவ் எர்த். பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ் முனை. கழற்றும்போது எர்த் முனையை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். யாராவது பின்னால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம், அதனால் நிறத்தை நம்பாமல் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கேபிளைத் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள். புது வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் உண்டு, இதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் கிரைண்டரும் வெல்டிங்கும் வரப்போகிறது என்றால் பேட்டரி வண்டியில் இருக்கவே கூடாது.

இன்னொன்று. வேலையை வீட்டு முகப்பிலோ பட்டாலையிலோ வைத்துச் செய்கிறீர்கள் என்றால் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, சூளையில் சுட்டதல்ல. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது. அட்டை, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் சாக்கு.

வளவுக்கார்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் எண்ணெய்க்குப் பிறகு நிலவரம்: ஐந்து யு.என்.எஃப் போல்ட்டில் நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது தலையோடு முறிந்தது. எம்8 இரண்டும் வந்தன, ஒன்றின் மரையில் பித்தளை மாதிரி மினுங்கும் இரும்புச் சுருள் சுற்றியிருக்கிறது. தலை உருண்ட எட்டாவதுக்கு இறுக்கமான சாக்கெட்டை அடித்து ஏற்றியதும் போல்ட் திரும்புகிறது, ஆனால் மேலே வரவில்லை. உள்ளே நட்டு சேர்ந்து சுழல்கிறது.

லேத் பட்டறை:

சுழலும் நட்டுக்கு மூன்று வழி. எளிதானதிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது: பிராக்கெட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தட்டையான நெம்புகோலை நுழைத்து மேல்நோக்கி அழுத்தம் கொடுத்துக்கொண்டே திருப்புவது. நட்டு தகட்டின் அடிப்பக்கம் பதிந்து பிடித்துக்கொண்டால் போல்ட் ஏறி வரும். பாதிக்குப் பாதி இதிலேயே முடியும்.

இரண்டாவது: போல்ட் தலையை வெட்டி எடுப்பது. சீட்டைக் காப்பாற்ற இதுதான் வழி, நட்டு எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கிரைண்டர் எடுப்பதற்கு முன் முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாவற்றையும் நனைத்த கனமான துணியால் மூடுங்கள். தீப்பொறி என்பது உருகிய இரும்பு. கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், பாலிஷ் போட்டாலும் போகாது. இடம் இருந்தால் கிரைண்டரை விட ஹாக்ஸா பிளேடு நல்லது. மெதுவாகத்தான் போகும், ஆனால் எதுவும் கெடாது.

மூன்றாவது: தலையின் நடுவில் பஞ்ச் வைத்து 8 மி.மீ டிரில்லால் தலை தனியாக வரும்வரை துளைப்பது. போல்ட் சேர்ந்து சுழன்றால் ஒருவர் தலையை வைஸ் கிரிப்பால் பிடிக்க வேண்டும்.

தலை முறிந்த போல்ட்டுக்கு: மேலே 4, 5 மி.மீ தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்து, சூடு ஆறும்போது திருப்புங்கள். தண்டே இல்லையென்றால் நடுவில் பஞ்ச், 3 மி.மீ டிரில், பிறகு 5, பிறகு 6.9. 5/16 யு.என்.எஃப் டேப்புக்கு (உள்மரை வெட்டும் கருவி) 6.9 தான் துளை அளவு. துளை நடுவில் விழுந்தால் பழைய மரை மெல்லிய சுருளாக உரிந்து வரும். முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்க ஈஸி அவுட் என்று விற்கும் திருகு வேண்டாம். அது உள்ளே முறிந்தால் எந்த டிரில்லும் இறங்காது.

எம்8 போயிருந்த இரண்டு துளையிலும் நட்டின் மரை போய்விட்டது. அந்த மினுங்கும் சுருள் நட்டின் மரைதான். டேப் விட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம், வெட்டி எடுத்துப் புது நட்டு வெல்டு செய்யுங்கள்.

செம்மண் டிங்கர்:

அடியில் கிரைண்டர் போடும்போது டார்ஷன் பார் மேல் கவனம். முன் சஸ்பென்ஷனிலிருந்து பின்னோக்கி ஓடிவந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் முடியும் நீளமான கம்பி அது. வண்டியின் முன்பக்கப் பாரத்தை முறுக்கில் தாங்குவது. அதில் கிரைண்டர் ஒரு கீறல் போட்டாலும் பிற்பாடு விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு பைப்பை நீளவாக்கில் பிளந்து மேலே கவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்யுங்க.

சீட் வெளியே வந்ததும் தையல்காரரிடம் ஓடாதீங்க. சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, தரையைப் பார்க்கத்தான் இப்போது வழி கிடைத்திருக்கிறது. தார் அட்டையை முழுசாக உரிச்சு எடுங்க. அதுதான் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை மேலிருந்து தின்பது. பழைய ஸ்குரூடிரைவர் நுனியால் அங்குலம் அங்குலமாகக் குத்துங்க. கணீர் என்றால் நல்ல தகடு, மந்தமாகக் கேட்டால் உள்ளே போயிடுச்சு. காந்தமும் வையுங்க, பிடிக்காத இடத்தில் புட்டி அடைத்திருக்கிறார்கள்.

முக்கியமாக அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பக்கத்துச் சில்லோடு சேரும் இடம். ஜாக்கி வைக்கும் இடமும் அங்கேதான். மேல் தகடு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளிருந்து துரு தின்றிருக்கும். அங்கே ஓட்டை என்றால் சீட் வேலை, பெயிண்ட் வேலை எல்லாத்தையும் நிறுத்தணும். வண்டியின் முதுகெலும்பு அது.

சரளைமண்:

சட்டம் போயிருந்தால் தரையை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்துகொள்ள வேண்டும். சில்லும் தரையும் சேர்ந்துதான் இந்த உடம்பை நேராக வைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடு தொய்ந்து, பிறகு கதவு பூட்டு சேராது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். ஒட்டுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. மெல்லிய தகடு போட்டால் வெல்டில் ஓட்டை விழும்.

நம்ம பக்கம் எல்லோரும் ரெட் ஆக்ஸைடு ஒரு கோட் அடித்துவிட்டு முடிந்தது என்பார்கள். அது ஈரத்தை ஊடுருவ விடும். அதற்கு மேல் பெயிண்ட் இல்லாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு உள்ளிருந்து பூக்கும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அல்லது எபாக்ஸி, இணைப்புகளில் சீம் சீலன்ட், மேலே பெயிண்ட், அடியில் அண்டர்கோட். பழையபடி தார் அட்டை ஒட்ட வேண்டாம்.

தேவகோட்டைத் தையல்:

சீட் விஷயம். உரிப்பதற்கு முன் முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. ஷெட்டில் நின்ற வண்டியில் நாருக்குள் எலிக்கூடு இல்லாமல் இருக்காது. எலி மூத்திரம் பட்ட நாரை உதறினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். வெயிலில் திறந்த வெளியில் வைத்து உரியுங்கள்.

பழைய ரெக்ஸினைக் கிழித்து எறிய வேண்டாம். அதுதான் அளவுக் கட்டிங். பிரிப்பதற்கு முன் சாக்பீஸால் ஒவ்வொரு துண்டிலும் இடது, வலது, முன், பின் எழுதி, தையலுக்குக் குறுக்கே நாலு விரல் இடைவெளியில் கோடு போடுங்கள். பிரித்த பிறகு அந்தக் கோடுகள் சேர்ந்தால்தான் வளைவில் சுருக்கம் விழாது. தையல் விடும் அளவு 10 மி.மீ. பழைய துண்டு இழுபட்டு நீண்டிருக்கும், அதை அப்படியே வெட்டினால் புது உறை தொளதொள என்று இருக்கும். ஓரத்தில் 5 மி.மீ குறைத்து வெட்டி முதலில் காடா துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள்.

ரெக்ஸின் ரோல் அகலம் 54 இஞ்சு. முன் சீட் இரண்டுக்கும் பைப்பிங் சேர்த்து மூன்றரை மீட்டர் எடுத்தால் தாராளம். ஸ்பிரிங் நல்லா இருந்தால் மாற்றாதீர்கள். அதன்மேல் புது சணல் துணி, அதற்கு மேல் ரப்பர் கலந்த நார் ஷீட், அதற்கு மேல் அரை இஞ்சு போம் போதும். கடையில் 40 டென்சிட்டி போமை நாலு இஞ்சுக்கு அடுக்கித் தரப் பார்ப்பார்கள். உட்கார சுகமாக இருக்கும், ஆனால் சீட் உயர்ந்துவிடும். மைனரில் ஸ்டீயரிங்குக்கும் தொடைக்கும் நடுவில் இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதுவும் போய்விடும்.

வளவுக்கார்:

அந்தச் சீட் சட்டமும் பிராக்கெட்டும் முழுக்கத் துரு. எமரித் தாள் போட்டால் மூலைக்குள் போகவில்லை. ஆசிட்டில் ஊறப் போடலாமா?

சரளைமண்:

ஆசிட் வேண்டாம், மூலையில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். சலவைச் சோடாவும் கரண்ட்டும் போதும். துரு பிடிப்பதே மின்வேதியியல்தான், அதே வழியில் திருப்பி எடுக்கலாம். (சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை!) பிளாஸ்டிக் டப்பில் லிட்டருக்கு 15 கிராம் சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் துருப்பிடித்த சாமானுக்கு, பிளஸ் ஒரு வீணான இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் தொடவே கூடாது. பிளஸ் பக்கம் எவர்சில்வர் போடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல். ஒரு ராத்திரி போதும். எடுத்ததும் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து அன்றைக்கே பிரைமர். மறுநாள் வரை விட்டால் மஞ்சள் துரு திரும்ப வந்துவிடும்.

பிராக்கெட்டும் குழாய்ச் சட்டமும் மட்டும் இதில் போடுங்கள். ஸ்பிரிங்கைப் போடாதீர்கள். கெட்டிப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறினால் சொல்லாமல் முறியும்.

புதுவயல் பெஞ்ச்:

இடையில் ஒரு கேள்வி. அம்பாசடர் பெஞ்ச் சீட்டுக்கும் இதே முறையா?

அரையிஞ்சு ஸ்பேனர்:

ஸ்பேனரும் மரையும் இதே குடும்பம். ஆனால் அது ரன்னரில், அதாவது தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் சீட். முழுசாக முன்னால் தள்ளினால் பின் போல்ட்டுகள், முழுசாகப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகள். நான்கையும் தளர்த்திவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள், ஒரு மூலையை மட்டும் எடுத்தால் ரன்னர் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கும் கியர் கம்பியும் இடிக்கும் என்பதால் இடது கதவு வழியாக, இரண்டு பேர் தூக்கி, முதுகுப் பக்கத்தைச் சாய்த்து. திரும்ப மாட்டும்போது இரண்டு ரன்னரும் ஒரே பல்லில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சீட் கோணலாகி நடுவழியில் சிக்கும். ரன்னருக்கு லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பிவைத்தால் செம்மண் ஒட்டி எமரி ஆகிவிடும்.

ஃபியட் என்றால் மெட்ரிக் மரை. அங்கே 13 நம்பர்தான் சரி.

வளவுக்கார்:

குறுக்குச் சட்டம் நல்லா இருக்கிறது, முனை இரண்டும் கணீர் என்கிறது. டிரைவர் பக்கத் தகட்டில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒட்டு. கடைசிக் கேள்வி, புது நட்டும் புது போல்ட்டும் எப்படிப் போடுவது?

லேத் பட்டறை:

வெறும் தகட்டில் நட்டு வெல்டு செய்ய வேண்டாம். பிரேக் பிடித்தால் சீட்டில் உட்கார்ந்தவரின் பாரம் முழுக்க அந்த நாலு போல்ட்டில்தான் வரும். 3 மி.மீ கனத்தில் 50க்கு 75 மி.மீ பிளேட், மூலையை உருட்டி, அதில் நட்டை வெல்டு செய்து, அந்தப் பிளேட்டைத் தரைக்கு அடியில் வைத்து வெல்டு செய்யுங்கள். வெல்டு செய்யும்போது நட்டில் ஒரு பழைய போல்ட் ஏறியிருக்கட்டும், பொறி மரையில் ஒட்டாது. அதற்கு முன் பிராக்கெட்டைப் போட்டு நாலு துளையும் சேர்கிறதா என்று பாருங்கள்.

போல்ட் எட்டும் புதுசு, 5/16 யு.என்.எஃப், தலையில் மூன்று கோடு இருக்க வேண்டும். கோடே இல்லாத மலிவு போல்ட் வேண்டாம். நீளம் நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரியும் அளவு. மரையில் காப்பர் கிரீஸ் லேசாக, ஸ்பிரிங் வாஷர். முதலில் எட்டையும் கையாலேயே நாலு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடாதீர்கள், துளை சேரவில்லை என்று அர்த்தம். பிறகு குறுக்குக் குறுக்காக 20 நியூட்டன் மீட்டர் வரை. கிரீஸ் பட்ட மரைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

சீட் மாட்டியதும் முன்னால் மடக்கி விட்டுப் பாருங்கள். பின்கால் இரண்டும் ரப்பர் கட்டையின் மேல் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் பிராக்கெட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்யுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு எட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், புதுப் பெயிண்ட் அமுங்கியதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தேவகோட்டைத் தையல்:

சீட் இல்லாத நாட்களில் வண்டியை வெளியே எடுக்கவேண்டி வந்தால் கயிறு கட்டி இழுங்கள். முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கிளட்ச் விட்டதும் பின்னால் சாய்ந்தால் பிரேக் மிதிக்கு எட்டாது.

வளவுக்கார்:

புரிந்தது. போல்ட்டும் பிளேட்டும் வாங்கியாகிவிட்டது. நட்டு வெல்டிங் முடிந்ததும் அடிப்பக்கப் படம் போடுகிறேன், பிளேட் வைத்த விதத்தை லேத் பட்டறை அண்ணன் பார்த்துச் சொன்ன பிறகுதான் அண்டர்கோட் அடிப்பேன்.